கைப்பேசியும் கடலோடியும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தியடிகள் சிலைக்கு அணித்தாக, பழைய கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1836ஆம் ஆண்டில், அதில் முதன்முதலாக ஒளியேற்றினர். இரவில் கடலில் தொழில் செய்த மீனவர்க்கும், தொலைவிலிருந்து வந்த மாலுமியர்க்கும் அவ்வொளி ஒரே ஒரு செய்தியைச் சொல்லிவந்தது. 'கரை இங்கே உள்ளது' என்பதே அச்செய்தி. அதற்கு மேல் ஒன்றும் சொல்ல விளக்கால் இயலாது. நாளை அலை எவ்வளவு உயரம் எழும்? எந்தத் துறையில் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும்? புயல் எப்பக்கம் திரும்பியிருக்கிறது? இவற்றை அறிய வேண்டுமானால் மீனவர் கரைக்குத்தான் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் காலம் கடந்துவிடுவதும் உண்டு.

இன்று வீராம்பட்டினத்திலிருந்தோ நல்லவாட்டிலிருந்தோ கடலுக்குச் செல்லும் படகில், சோற்றுத் தூக்கும் தண்ணீர்க் குடமும் இருப்பதுபோலவே, நீர் புகாதபடி நெகிழிப் பையில் சுற்றிய கைப்பேசியும் இருக்கிறது. ஒரே படகில் இருவரிடம் கைப்பேசி இருந்தால், கரையிலிருந்து சில கல் தொலைவு சென்றபின் ஒருவருடையது பேசும். மற்றவருடையது வாயடைத்துப் போகும். விலையுயர்ந்த கைப்பேசி ஊமையாகிவிட, பழைய பொத்தான் கைப்பேசி பேசுவதும் உண்டு. இது ஏன் என்பதை அறிய, கைப்பேசித் திரையின் மூலையில் தோன்றும் 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்னும் குறியீடுகளின் உட்பொருளை அறிதல் வேண்டும். 'ஜி' என்பது தலைமுறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. தாத்தாவைவிடப் பேரன் எல்லா வகையிலும் வல்லவன் என்று கொள்வது எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே முந்திய தலைமுறையைவிடப் பிந்தியது எல்லா வகையிலும் சிறந்தது என்று கொள்வதும் பொருந்தாது.

கைப்பேசி என்பது அடிப்படையில் ஒரு சிறு வானொலி நிலையமே. வீட்டில் உள்ள வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே பயன்படும். கைப்பேசியோ கேட்கவும் செய்யும், ஒலிபரப்பவும் செய்யும். பேசுவோர் குரலை மின்காந்த அலைகளில் ஏற்றி அருகிலுள்ள கோபுரத்துக்கு அனுப்புகிறது. கோபுரம் அனுப்பும் அலைகளிலிருந்து மறுமுனையில் உள்ளவர் குரலைப் பிரித்துத் தருகிறது. இவ்வேலைக்கு ஏற்ற அலைகள் அளவற்றுக் கிடைப்பன அல்ல. குறிப்பிட்ட சில அதிர்வெண் பட்டைகளே இதற்குப் பயன்படும். அவற்றையே அலைக்கற்றை என்கிறோம். ஒரே இடத்தில், ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெட்டுவிடும். ஊசுட்டேரி நீரைப் பல ஊர் வயல்களுக்கும் பங்கிட வேண்டியிருப்பதுபோல, சிறிதளவே உள்ள அலைக்கற்றையைக் கோடிக்கணக்கானோர்க்குப் பங்கிட வேண்டியுள்ளது. அதன் அருமை கருதியே அரசு அதனைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, நிறுவனங்களுக்கு ஏலத்தில் விடுகிறது. 2010ஆம் ஆண்டில் மூன்றாம் தலைமுறைக்குரிய அலைக்கற்றையை இந்திய அரசு ஏலம் விட்டபோது ஏறத்தாழ 67,700 கோடி ரூபாய் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளுக்கு இவ்வளவு விலையா என்று வியப்போர், அது வளர்க்க முடியாத பொருள் என்பதை நினைத்தல் வேண்டும்.

பங்கீட்டின் முதற்படி, நிலத்தைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிப்பது. தேன்கூட்டின் அறைகளைப்போல அடுத்தடுத்து அமைந்த இவ்வட்டாரங்களை ஆங்கிலத்தில் செல் என்பர்; செல்பேசி என்னும் பெயரும் அதனால் வந்ததே. வட்டாரத்துக்கு ஒரு கோபுரம். ஒரு கோபுரம் பயன்படுத்தும் அதிர்வெண்ணையே போதிய தொலைவில் உள்ள மற்றொரு கோபுரமும் பயன்படுத்தலாம், ஒன்றையொன்று கெடுப்பதில்லை. புதுச்சேரியிலிருந்து வில்லியனூருக்குப் பேருந்தில் பேசிக்கொண்டே செல்பவரை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. பேசுபவர் அதனை உணர்வதும் இல்லை.

அடுத்த கேள்வியே முதன்மையானது. ஒரு கோபுரத்தின்கீழ் உள்ள நூற்றுக்கணக்கானோர் தமக்குள் அலைக்கற்றையை எவ்வாறு பகிர்ந்துகொள்வது? தலைமுறைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் இக்கேள்விக்கு அவை தரும் விடைகளின் வேறுபாடே ஆகும்.

புதுச்சேரி ஆட்சிப்பகுதிக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழும், மாகியில் மலையாளமும், ஏனாமில் தெலுங்கும் வழங்குகின்றன. பிரெஞ்சு மொழி பேசுவோரும் புதுச்சேரி நகரில் உளர். இந்நான்கு மொழியினரும், மொழிக்கு இருவராக, ஒரு திருமண மண்டபத்தில் கூடியிருப்பதாகக் கொள்வோம். நான்கு இணையரும் இடையூறின்றி உரையாட மூன்று வழிகள் உண்டு. இணைக்கு ஓர் அறையாக மண்டபத்தைத் தடுத்துக் கொடுத்துவிடலாம். தடுப்பின்றி ஒரே கூடத்தில் முறை வைத்து, ஒருவர்பின் ஒருவராகச் சிறிது நேரம் பேசச் சொல்லலாம். இரண்டும் இன்றி, எல்லாரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் அவரவர் மொழியில் பேசலாம். தமிழர் செவி தமிழைப் பற்றிக்கொள்ளும், பிற மொழிகள் அதற்கு வெற்றிரைச்சலாகவே நின்றுவிடும். அதிர்வெண்ணைப் பகுத்தல், காலத்தைப் பகுத்தல், குறியீட்டால் பகுத்தல் என்று இம்மூன்று முறைகளையும் அறிஞர் வழங்குவர்.

முதல் தலைமுறைக் கைப்பேசி, அறை தடுக்கும் முறையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய சேவையில், ஒவ்வோர் உரையாடலின் ஒவ்வொரு திசைக்கும் 30 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பட்டை தனியே ஒதுக்கப்பட்டது. பேசுபவர் வாய்மூடியிருந்தாலும் அறை பூட்டியே கிடக்கும். குரல் அப்படியே அலையில் ஏறிச் சென்றதால், உரிய வானொலிக் கருவி வைத்திருப்போர் ஒட்டுக்கேட்கவும் முடிந்தது. இந்தியப் பொதுமக்களுக்கான செல்பேசிச் சேவை இத்தலைமுறையைத் தாண்டி, நேரே இரண்டாம் தலைமுறையிலேயே தொடங்கியது. 1995ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே அதன் தொடக்க அழைப்பாகும். அந்நாளில் அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டும். இவ்வழக்கம் 2003 வரை நீடித்தது. மணி அடித்தால் எடுக்க அஞ்சிய காலம் அது!

அவ்வழைப்பைத் தாங்கிச் சென்ற முறை ஜி.எஸ்.எம். எனப்படும். ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி வகுத்த இம்முறையில் முதற் பொதுச்சேவை 1991இல் பின்லாந்தில் நடைபெற்றது. இதில் குரல் முதலில் எண்களாக மாற்றப்படுகிறது. 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பட்டையை எட்டுப் பேர் முறை வைத்துப் பயன்படுத்துகின்றனர். ஒருவருக்குரிய முறை 577 மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியில் ஏறத்தாழ 1,700இல் ஒரு பங்குதான். அந்நேரத்துக்குள் கைப்பேசி தன்னிடம் உள்ள எண்களை விரைந்து கொட்டிவிட்டு, அடுத்த ஏழு பேர் முடிக்கும்வரை காத்திருக்கிறது. ஒரு நொடிக்கு 200 முறைக்கு மேல் இவ்வாறு நிகழ்வதால், விட்டு விட்டு வரும் பேச்சு செவிக்குத் தொடர்ச்சியாகவே கேட்கிறது.

கடலோடியைத் தடுக்கும் எல்லை ஒன்று இம்முறைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அலைகள் ஒளியின் வேகத்தில், நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் விரைகின்றன. எனினும், மைக்ரோ நொடிகளை எண்ணும் இடத்தில் அதுவும் சிறு வேகமே. தொலைவில் உள்ள கைப்பேசி அனுப்பும் செய்தி சற்றே தாமதித்து வரும்; தாமதித்தால் அடுத்தவர் முறையில் புகுந்து அதனைக் கெடுத்துவிடும். ஆகவே கோபுரம், 'நீ தொலைவில் இருக்கிறாய். சிறிது முன்னதாகவே பேசத் தொடங்கு' என்று அக்கைப்பேசிக்குக் கட்டளையிடுகிறது. எவ்வளவு முன்னதாக என்பதற்கு ஜி.எஸ்.எம். விதிகளில் ஓர் உச்ச அளவு உண்டு. அது ஏறத்தாழ 233 மைக்ரோ நொடி. அந்நேரத்தில் அலை 35 கிலோமீட்டர் சென்று மீளும். எனவே 35 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள படகு, எவ்வளவு வலுவாகக் கூவினாலும், சாதாரண ஜி.எஸ்.எம். கோபுரம் அதனை ஏற்காது. ஒருவருக்கு இரண்டு முறைகளை ஒதுக்கி இவ்வெல்லையை நீட்டுவதும் உண்டு. ஆனால் அப்போது பேசுவோர் தொகை பாதியாகக் குறைந்துவிடும். நிலவுலகு உருண்டை என்பதும் சேர்ந்தே தடை செய்கிறது. 40 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே பிடித்த கைப்பேசியை ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வரைதான் தடையின்றி எட்டும். கைப்பேசியின் ஆற்றலோ மிகச் சிறிது. ஆகவே நடைமுறையில் இத்தொலைவும் கிட்டுவது அரிது.

இவ்வளவு எல்லைகளுக்குட்பட்ட அக்கருவி மீனவர் வாழ்வில் என்ன செய்தது என்பதற்கு மாகியை அடுத்த கடற்கரை சான்று தருகிறது. புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த மாகி, கேரளத்தின் கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களுக்கு இடையே அமைந்த சிற்றூர். அக்கரையில் 1997 முதல் 2001 வரை செல்பேசிக் கோபுரங்கள் படிப்படியாக எழுந்தன. ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் அம்மாவட்டங்களின் மத்தி மீன் சந்தைகளை வாரந்தோறும் கணக்கெடுத்து, 2007இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார். கோபுரம் வருவதற்கு முன், 1997 ஜனவரி 14ஆம் நாள், வடகரைத் துறையில் 11 மீனவர் வாங்குவோர் இன்றித் தம் மீனைக் கொட்டிவிடும் நிலையில் நின்றனர். அதே காலையில், 15 கிலோமீட்டருக்குள் உள்ள சோம்பாலா, கொயிலாண்டித் துறைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பிச் சென்றனர். இரு சாராரும் ஒரே கடற்கரையில் இருந்தும் ஒருவரையொருவர் அறியவில்லை. கடலோரக் கோபுரங்கள் எழுந்து, 20 முதல் 25 கிலோமீட்டர் வரை கடலில் பேச வழி ஏற்பட்டபின், மீனவர் படகில் இருந்தபடியே பல துறைகளின் விலையை விசாரித்து, நல்ல விலை தரும் துறைக்குப் படகைத் திருப்பினர். மீன் வீணாதல் ஏறத்தாழ நின்றேபோனது. மீனவர் ஆதாயம் சராசரியாக 8 விழுக்காடு உயர, வாங்குவோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. ஒருவர் பெற்றது மற்றவர் இழந்ததன்று. கடலில் கொட்டப்பட்டு அழிந்துகொண்டிருந்ததையே இரு சாராரும் பகிர்ந்துகொண்டனர்.

இரண்டாம் தலைமுறையிலேயே ஜி.எஸ்.எம்.முக்குப் போட்டியாக எழுந்தது சி.டி.எம்.ஏ. இது எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் மொழியில் பேசும் மூன்றாவது வழியாகும். அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் இதனை முன்னின்று உருவாக்கியது. 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டை முழுவதையும் அனைவரும் ஒருங்கே பயன்படுத்துவர். ஒவ்வொருவர் பேச்சும் தனித்தனிக் குறியீட்டால் பெருக்கப்பட்டு, நொடிக்கு 12,28,800 சிறு துடிப்புகளாக விரிக்கப்படும். அக்குறியீட்டை அறிந்த கருவி மட்டுமே அதனை மீண்டும் சுருக்கிப் பேச்சாக்கும்.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் உரக்கக் கத்தினால், தொலைவில் நிற்பவர் எம்மொழியில் பேசினாலும் கேட்காதன்றோ? அதுபோல, கோபுரத்தின் அடியில் நின்று பேசுபவரின் கைப்பேசி, கடலில் இருப்பவர் குரலை மூழ்கடித்துவிடும். அதனைத் தடுக்க, கோபுரம் நொடிக்கு 800 முறை ஒவ்வொரு கைப்பேசிக்கும் 'குரலைத் தாழ்த்து', 'சிறிது உயர்த்து' என்று ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த ஓயாத கண்காணிப்பு இல்லையேல் சி.டி.எம்.ஏ. நடைபெறவே இயலாது. காலத்தை முறைவைக்காததால் 35 கிலோமீட்டர் என்னும் தடை இதற்கு இல்லை. ஆனால் வேறொரு குறை உண்டு. நகரில் பலர் ஒருங்கே பேசும் மாலை நேரத்தில் இரைச்சல் மிகுந்து, கோபுரத்தின் எல்லை தானே சுருங்கும்; நள்ளிரவில் அது மீண்டும் விரியும். மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும் இவ்வெல்லையின் ஓரத்தில் இருக்கும் படகுக்கு, தான் நகராதபோதும் தொடர்பு அற்றுப்போகலாம்.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் இறுதியில் ரிலையன்ஸ் நிறுவனம் இம்முறையில் பெருஞ்சேவை தொடங்கியது. மறு ஆண்டில் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைப்பேசி தரும் திட்டம் வந்தபோது, செல்வர்க்கே உரியது என்றிருந்த பொருள் எளியோர் கைக்கும் எட்டியது. ஆனால் இக்கைப்பேசிகள் பலவற்றில், ஜி.எஸ்.எம். கைப்பேசியில் இருப்பதுபோலக் கழற்றி மாற்றும் சிம் அட்டை இல்லை. எண்ணும் கருவியும் ஒன்றாகப் பிணைந்திருந்தன. நிறுவனத்தை மாற்ற விரும்பினால் கைப்பேசியையே மாற்ற வேண்டும்.

புதுச்சேரி மீனவருக்கும் சி.டி.எம்.ஏ.க்கும் ஒரு தொடர்பு உண்டு. அதன் கதை கைப்பேசிக்கு முன்பே தொடங்குகிறது. சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு, புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களை நிறுவத் தொடங்கியது. 1954இல் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் கூடி இந்தியாவோடு இணைய வாக்களித்த கீழூரும் அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் சிற்றூர்களில் தொலைபேசி இணைப்புக் கிடைப்பதும், கிடைத்தது பழுதின்றி இயங்குவதும் அரிது. ஆகவே வில்லியனூருக்கும் சிற்றூர்களுக்கும் இடையே இருவழி வானொலிக் கருவிகள் அமைக்கப்பட்டன; குரலோடு கணிப்பொறிச் செய்தியும் அவற்றின் வழியே சென்றது. மின்சாரம் தடைப்படும் வேளைக்குக் கதிரவன் ஆற்றல் துணை நின்றது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் இறக்கித் தமிழாக்கி வீராம்பட்டினத்துக்கு அனுப்புவர். அங்கே ஒலிபெருக்கி அதனை ஊருக்குச் சொல்லும். அதனைக் கேட்டே பலர் மறுநாள் கடலுக்குச் செல்வதா, வலையைச் சரிசெய்துகொண்டு கரையில் இருப்பதா என்று முடிவு செய்தனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அவ்வொலிபெருக்கிகளுள் ஒன்று பெருந்தொண்டு ஆற்றியது. நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வருவதாக வீட்டார் கூறினர். உடனே ஓடுமாறு அவர் எச்சரித்தார். செய்தி பரவவும், ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூரில் மக்கள் உயிர் தப்பினர். படகுகளையும் வீடுகளையுமே இழந்தனர். ஒரு தொலைபேசி ஒருவருக்குத்தான் சொல்லும். ஒலிபெருக்கியே ஊருக்குச் சொன்னது.

கரையில் இருப்போர்க்கு ஒலிபெருக்கி போதும். கடலில் இருப்போர்க்கு? இக்குறையைப் போக்கவே, அடுத்த சில ஆண்டுகளில் அதே ஆராய்ச்சி நிறுவனம் குவால்காம், டாட்டா டெலிசர்வீசஸ் ஆகியவற்றோடு சேர்ந்து 'மீனவ நண்பன்' என்று பொருள்படும் ஃபிஷர் ஃபிரண்டு திட்டத்தை உருவாக்கியது. அலை உயரம், காற்றின் வேகம், மீன் மிகுந்த இடம், சந்தை விலை ஆகியவை சி.டி.எம்.ஏ. கைப்பேசியில் தாய்மொழியில் தோன்றின. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் மையம் கடற்செய்திகளை வழங்கியது. ஆனால் 2010களின் இறுதிக்குள் இந்தியாவில் சி.டி.எம்.ஏ. சேவைகள் நின்றுபோயின. கருவி பழுதாகாமல் இருந்தும், பேசக் கோபுரம் இல்லாமையால் அக்கைப்பேசிகள் வெறும் பெட்டிகளாயின. திட்டம் மட்டும் ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளுக்கு மாறித் தொடர்ந்தது.

சி.டி.எம்.ஏ. தோற்றது என்று கூறுவது முழு உண்மையாகாது. ஜி.எஸ்.எம். அணியினரே மூன்றாம் தலைமுறையை அமைத்தபோது, காலத்தை முறைவைக்கும் தம் வழியைக் கைவிட்டு, குறியீட்டால் பகுக்கும் வழியையே மேற்கொண்டனர். பட்டை மட்டும் 5 மெகாஹெர்ட்ஸாக அகன்றது. ஆற்றலைத் திருத்தும் ஆணை நொடிக்கு 1,500 ஆயிற்று. பெயரில் வென்றவர், முறையில் தோற்றவரைப் பின்பற்றினர் எனலாம். ஜப்பானில் 2001இல் தோன்றிய இத்தலைமுறை, இந்தியாவில் 2009ஆம் ஆண்டையொட்டி அரசு நிறுவனங்கள் வழியாகவும், ஏலத்துக்குப்பின் பிற நிறுவனங்கள் வழியாகவும் பரவியது. படமும் இணையமும் கைப்பேசியில் தடையின்றி வரத் தொடங்கியது இதனாலேயே.

நான்காம் தலைமுறையின் முறையைப் புள்ளிக் கோலத்தோடு ஒப்பிடலாம். மார்கழியில் வாசலில் வரிசையாகப் புள்ளி வைப்பதுபோல, அகன்ற பட்டையை 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள நுண்பட்டைகளாகப் பகுக்கின்றனர். 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இவ்வாறு 1,200 நுண்பட்டைகள் அமையும். ஒரு பக்கம் அதிர்வெண், மறுபக்கம் காலம். இரண்டும் சேர்ந்த புள்ளிகளுள் எவை எவர்க்கு என்பதைக் கோபுரம் நொடிக்கு ஆயிரம் முறை முடிவு செய்கிறது. படம் காண்பவருக்குப் பல புள்ளிகள். சிறு செய்தி அனுப்புபவருக்குச் சில. பேசாதிருப்பவருக்கு ஒன்றும் இல்லை. பூட்டிய அறையும் இல்லை, காத்துக் கிடக்கும் முறையும் இல்லை. கொல்கத்தாவில் 2012இல் தொடங்கிய இச்சேவை, 2016இல் ஜியோ நிறுவனம் வந்தபின் நாடெங்கும் பரவியது.

நான்காம் தலைமுறையில் பேச்சுக்கெனத் தனிவழி கிடையாது. குரலும் மற்றச் செய்திகளைப்போலச் சிறு பொட்டலங்களாகவே செல்ல வேண்டும். அதனை வோல்ட்டி என்பர். அவ்வசதி இல்லாத கைப்பேசியில் அழைப்பு வந்தால், அது 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டு மீண்டும் ஏறும். பழைய தலைமுறைச் சேவை இல்லாத நிறுவனத்தின் அட்டையைப் பழைய கைப்பேசியில் இட்டால் பேசாதது இதனாலேயே. கைப்பேசி வாங்குவோர், அது எத்தலைமுறையைச் சேர்ந்தது என்பதோடு, தம் ஊரில் உள்ள கோபுரம் எவ்வதிர்வெண்ணில் இயங்குகிறது, அதனை அக்கைப்பேசி ஏற்குமா என்பதையும் கேட்டறிதல் நலம்.

ஐந்தாம் தலைமுறை இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் நாள் தொடங்கப்பட்டது. முறை ஏறத்தாழ அதே புள்ளிக் கோலந்தான். புள்ளிகளின் இடைவெளியைத் தேவைக்கேற்ப மாற்றலாம் என்பதே சிறப்பு. வேகம் பெருகியதற்கு முதற்காரணம், மிக அகன்ற பட்டைகள். அத்தகைய அகலம் உயர்ந்த அதிர்வெண்களில்தான் கிடைக்கிறது. அதனால் 3,300 மெகாஹெர்ட்ஸையொட்டிய பட்டையும், 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் ஏலம் விடப்பட்டன. இப்பின்னதன் அலைநீளம் ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் குறைவு. இத்தகைய சிற்றலைகளைக் கொண்டே 1890களில் ஜகதீச சந்திர போசு கொல்கத்தாவில் ஆய்வுகள் நிகழ்த்தினார் என்பது இந்தியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் அதிர்வெண் உயர உயர அலை எட்டும் தொலைவு குறையும். சுவரும் மரமும் அதனைத் தடுக்கும். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பட்டைகளே நெடுந்தொலைவு செல்லும்.

ஒரே படகில் ஒன்று பேச மற்றொன்று ஊமையானதன் காரணம் இப்போது விளங்கும். ஒரு நிறுவனம் கடலோரக் கோபுரத்தில் 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பழைய 2ஜி சேவையை வைத்திருக்கலாம். மற்றொன்று 2,300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 4ஜி மட்டும் தரலாம். நகரத் தெருவில் பின்னதே விரைவானது. படகில் முன்னதே பயனுள்ளது. 4ஜியையும் தாழ்ந்த பட்டையில் அமைத்தால் அது நெடுந்தொலைவு செல்லும். அதன் விதிகள் 100 கிலோமீட்டர் வரையிலும் இடம் தருகின்றன. குறை தலைமுறையில் இல்லை; பட்டையிலும், கோபுரத்தின் உயரத்திலும், அது கடலை நோக்கி நிற்கிறதா என்பதிலும் உள்ளது. கடலில் மக்கள் தொகை இல்லையாதலின் கடலுக்கென்று கோபுரம் கட்ட நிறுவனங்கள் விரைவதில்லை.

எத்தலைமுறையாயினும் கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசி பயன்படாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகுகளோ அதற்கப்பாலும் செல்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்க்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை. அதன்பின் 2019இல் ஜெமினி என்னும் சிறு கருவி வெளியிடப்பட்டது. வானூர்திகளுக்கு வழிகாட்ட அமைந்த ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையையும் மீன்வளச் செய்தியையும் அது பெற்று, ப்ளூடூத் வழியாகப் படகில் உள்ள கைப்பேசிக்குத் தரும். ஆனால் படகிலிருந்து மறுமொழி கூற அதில் வழியில்லை. இருவழியாகச் சிறு செய்தி அனுப்பக்கூடிய செயற்கைக்கோள் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் அதனைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. கரையிலிருந்து வெகுதொலைவில், திரையின் மூலையில் தலைமுறைக் குறியீடு மறைந்துவிட்ட பின்னரும், இக்கருவியோடு இணைந்த கைப்பேசியில் காற்றின் வேகமும் அலையின் உயரமும் எழுத்துகளாகத் தோன்றுகின்றன. 'படகு பழுது, உதவி வேண்டும்' என்னும் செய்தி அங்கிருந்து கரைக்குச் செல்கிறது.